செக்‌ஷன் 3 தொழில் பதிவேடு: பல வருஷம் பயன்படுத்திய பிறகு

அமெரிக்காவில் ஒரு சின்ன பெயின்டிங் நிறுவனத்தில் நான் கணக்கு பார்க்கிறேன். வீட்டைக் காலி செய்துவிட்டு ஒருவர் போனால், ஓட்டை அடைத்து, பெயின்ட் அடித்து, அடுத்தவர் குடிவருவதற்குத் தயார்செய்து கொடுப்பது எங்கள் முக்கிய வேலை. டெண்டர் தாள்களும் என் பொறுப்புதான். எங்கள் உரிமையாளர் அரசுப் பொதுக் குடியிருப்பில் இருந்துகொண்டே தொழில் தொடங்கிய பெண்மணி. அதனால்தான் வீட்டுவசதி, நகர்ப்புற வளர்ச்சித் துறை (எல்லோரும் 'ஹட்' என்பார்கள்) வைத்திருக்கும் செக்‌ஷன் 3 பதிவேட்டில் எங்கள் பெயர் ஏறியது. குறைந்த வருமானக்காரர்கள் நடத்தும், அல்லது அவர்களுக்கு அதிகம் வேலை கொடுக்கும் நிறுவனங்களின் பட்டியல் அது; வேலை கொடுப்பவர்கள் அதில் தேடி எடுக்கலாம். பல வருஷமாக அதை வைத்து வேலை தேடியிருக்கிறோம், சில நல்ல வேலைகள் கிடைத்தும் இருக்கின்றன. கட்டாயம் பதிவு செய்யுங்கள். ஆனால் பதிவு செய்துவிட்டு, போன் வரும் என்று காத்திருக்க வேண்டாம். வேலை வருவது வேறு வழியில். அதை விவரமாகச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் சட்டம். 1968-ஆம் வருஷத்து வீட்டுவசதிச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு இது. ஒரு பகுதியில் வீடு கட்டவும் பழுதுபார்க்கவும் மத்திய அரசின் பணம் வருகிறது என்றால், அந்தப் பணத்தால் உண்டாகும் வேலையும் ஒப்பந்தமும் அந்தப் பகுதியின் ஏழைகளுக்கு முடிந்தவரை போய்ச் சேர வேண்டும் என்பது அதன் சாரம். 1992-இல் லாஸ் ஏஞ்சலஸ் கலவரத்துக்குப் பிறகு அதைத் திருத்தி வலுப்படுத்தினார்கள். பதிவேடு வந்தது வெகு தாமதமாகத்தான். 2012-இல் டெட்ராய்ட், மயாமி, நியூ ஆர்லியன்ஸ் போன்ற ஐந்து இடங்களில் சோதனையாகத் தொடங்கி, 2014-இல் நாடு முழுவதற்கும் விரித்தார்கள்.

பெயர் சேர்ப்பது சுலபம். நிறுவன விவரம், செய்யும் வேலை, எந்தத் தகுதியில் சேர்கிறோம் என்பதை நிரப்பி, "இது உண்மை" என்று நாமே உறுதி சொல்ல வேண்டும். செலவில்லை. ஆனால் நாம் சொன்னதை ஹட் சரிபார்ப்பதில்லை. வேலை கொடுப்பவரே விசாரித்துக்கொள்ள வேண்டும் என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். இதன் விளைவு நமக்குத்தான். பொதுக் குடியிருப்புகளை நடத்தும் ஒவ்வொரு உள்ளூர் வீட்டுவசதி ஆணையமும், ஒவ்வொரு பெரிய காண்ட்ராக்டரும் திரும்பத் திரும்ப அதே ஆதாரங்களைக் கேட்பார்கள். உரிமைப் பங்கு காட்டும் பத்திரம், வருமானச் சான்று, வாடகை ஒப்பந்தம், சம்பளப் பட்டியல் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்திருங்கள். தகுதிக்கான ஆதாரம் கடைசி ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்பது விதி. பழைய தாளைக் கொடுத்தால் திரும்பி வரும்.

இனி போன் வரும் விஷயம். வரத்தான் செய்கிறது, பெரும்பாலும் கடைசி நேரத்தில். ஒரு பெரிய காண்ட்ராக்டர் அலுவலகத்திலிருந்து ஒருமுறை மின்னஞ்சல் வந்தது. முழுக் கட்டடத்துக்கான வரைபடம் இணைப்பில், மறுநாள் மதியத்துக்குள் விலை வேண்டும் என்று. இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டு அனுப்பினோம், பதிலே வரவில்லை. இதே போல் பிறகும் நடந்தது. பதிவேட்டில் இருக்கும் மற்ற சின்ன நிறுவனக்காரர்களிடம் கேட்டால் அவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள்.

இதற்குக் காரணம் விதியிலேயே இருக்கிறது. ஏழைகளுக்கு இவ்வளவு வேலை போக வேண்டும் என்று விதி ஒரு இலக்கு வைத்திருக்கிறது. அதை எட்டாத திட்டம், தான் என்னென்ன முயற்சி எடுத்தது என்று எழுதிக் காட்ட வேண்டும். செக்‌ஷன் 3 நிறுவனங்களைத் தேடி விலை கேட்டதும் முயற்சி, இந்த மாதிரிப் பதிவேடுகளைப் பயன்படுத்தியதும் முயற்சி. ஆக, நமக்கு மின்னஞ்சல் அனுப்பியதே அவர்கள் கோப்பில் ஒரு சான்றாகிவிடுகிறது. எல்லோரும் அந்த எண்ணத்தில் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு சின்ன நிறுவனத்தின் ராத்திரி உழைப்பு இன்னொருவர் கோப்பில் ஒரு தாளாக முடிவது எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாகத்தான் இருக்கிறது.

சரி, அப்படியென்றால் எங்களுக்கு வேலை கிடைத்தது எப்படி? 2020 நவம்பர் 30 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதியைப் படித்த பிறகுதான் நிலைமை மாறியது. அதற்கு முன்னால் கட்டுமான ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதம், மற்ற ஒப்பந்தங்களில் 3 சதவீதம் செக்‌ஷன் 3 நிறுவனங்களுக்குப் போக வேண்டும் என்று ஒரு இலக்கு இருந்தது. புதிய விதி அதை எடுத்துவிட்டு, உழைப்பு மணிநேரத்தை அளவாக வைத்தது. ஒரு திட்டத்தின் மொத்த மணிநேரத்தில் 25 சதவீதம் செக்‌ஷன் 3 தொழிலாளர்கள், அதாவது பெரும்பாலும் குறைந்த வருமானக்காரர்கள், செய்ததாக இருக்க வேண்டும். மொத்தத்தில் 5 சதவீதமாவது, 'டார்கெட்டட்' என்று சொல்லும் இன்னும் நெருக்கமான வட்டத்துக்குள் வருகிறவர்கள் செய்ததாக இருக்க வேண்டும்.

முதலில் கேட்டபோது, நிறுவனங்களுக்கான இலக்கே போய்விட்டதே என்று கவலையாக இருந்தது. ஆனால் அந்த 'டார்கெட்டட்' வட்டத்துக்குள் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். செக்‌ஷன் 3 நிறுவனத்தில் வேலை செய்கிறவர் எல்லோரும் வருகிறார்கள்! அதாவது, பெரிய காண்ட்ராக்டர் பெயின்டிங்கை எங்களுக்குக் கொடுத்தால், எங்கள் ஆட்கள் அங்கே வேலை செய்யும் ஒவ்வொரு மணிநேரமும் அவருடைய 25-க்கும் கணக்காகும், 5-க்கும் கணக்காகும். பத்தாயிரம் மணிநேரத் திட்டம் என்று வைத்துக்கொள்வோம். 'டார்கெட்டட்' கணக்கில் 500 வேண்டும். பெயின்டிங் 600 மணிநேரம் பிடித்தால், அந்த இலக்கு எங்கள் ஒரு சப்-காண்ட்ராக்டிலேயே முடிந்தது. அவர் தனியாக ஆள் தேடி, ஒவ்வொருவரிடமும் வருமானச் சான்று வாங்க வேண்டியதில்லை.

இது பல பெரிய காண்ட்ராக்டர்களுக்கே தெரிவதில்லை. பதிவேட்டின் பக்கத்தில் நம் பெயரும் முகவரியும் தொழிலும் இருக்கும். நம்மை எடுத்தால் இவ்வளவு மணிநேரம் உங்கள் கணக்கில் சேரும் என்பது அங்கே தெரியாது. அதனால் நாங்கள் அனுப்பும் ஒவ்வொரு விலைப்புள்ளியிலும், தொகைக்கு மேலேயே, எதிர்பார்க்கும் உழைப்பு மணிநேரத்தை எழுதுகிறோம். அது இரண்டு கணக்கிலும் சேரும் என்று ஒரு வரி, தகுதி ஆதாரம் இணைப்பில். இதைச் செய்யத் தொடங்கிய பிறகு திரும்பக் கூப்பிட்டுப் பேசுகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். டெண்டர் எடுத்தவர் யார் என்று வீட்டுவசதி ஆணையத்தில் கேட்டுக்கொண்டு நாங்களே முதலில் எழுதுவதும் உண்டு. பதிவேட்டைப் பார்த்து அவர்கள் வருவதைவிட இது நன்றாக வேலை செய்கிறது.

இன்னொன்று, வளர்கிற நிறுவனங்கள் கவனிக்க வேண்டியது. தகுதிக்கு மூன்று வழி. குறைந்த வருமானக்காரர்கள் 51 சதவீதமாவது உரிமையும் நிர்வாகமும் வைத்திருப்பது ஒன்று. பொதுக் குடியிருப்பிலோ செக்‌ஷன் 8 உதவி (அரசு தரும் வாடகை உதவி) பெறும் வீட்டிலோ இப்போது வசிப்பவர்கள் அதே 51 சதவீதம் வைத்திருப்பது இன்னொன்று. மூன்றாவது, கடந்த மூன்று மாதத்தில் நிறுவனத்தின் மொத்த உழைப்பு மணிநேரத்தில் 75 சதவீதத்துக்கு மேல் செக்‌ஷன் 3 தொழிலாளர்கள் செய்திருப்பது.

எங்கள் உரிமையாளர் குடியிருப்பாளர் என்ற முறையில் சேர்ந்தவர். தொழில் கொஞ்சம் நிமிர்ந்ததும் பிள்ளைகளோடு வெளியே வீடு பார்த்துப் போனார். எங்களுக்கெல்லாம் அவ்வளவு சந்தோஷம். ஆனால் அன்றைக்கே குடியிருப்பாளர் தகுதி போனது. வருமானம் உள்ளூர் இடைநிலை வருமானத்தில் (மீடியன்) 80 சதவீத வரம்பைத் தாண்டியதால் முதல் வழியும் அடைபட்டது. ஒருவர் முன்னேற வேண்டும் என்று போட்ட சட்டம், முன்னேறியதும் நிறுவனத்தின் கையை விடுவது சரியில்லை. இரண்டு மூன்று வருஷமாவது அவகாசம் கொடுத்தால்தான் நிறுவனம் கால் ஊன்ற முடியும்.

எங்களைக் காப்பாற்றியது மூன்றாவது வழி. அதில் தொழிலாளர்களுக்கு அந்த அவகாசம் இருக்கிறது. வேலைக்குச் சேரும்போது ஒருவர் வருமான வரம்புக்குள் இருந்தால், பிறகு சம்பளம் ஏறினாலும் ஐந்து வருஷம் வரை அவரைக் கணக்கில் வைக்கலாம். அதனால் யாரைச் சேர்த்தாலும் முதல் நாளே வருமான உறுதிப் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பிறகு தேடி வாங்குவது பெரும்பாடு.

பதிவேடு தீர்க்காத செலவுகளும் உண்டு. செக்‌ஷன் 3 முன்னுரிமை மட்டும்தான், ஒதுக்கீடு இல்லை. விலையிலும் தகுதியிலும் நாம் நிற்க வேண்டும். காப்பீடு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். 1978-க்கு முன் கட்டிய வீடு என்றால் ஈயப் பெயின்ட் கையாளும் சான்றிதழ் வேண்டும், பொதுக் குடியிருப்புகளில் பழைய கட்டடங்கள் நிறைய. கட்டுமான வேலைக்கு டேவிஸ்-பேக்கன் சட்டப்படி நிர்ணயித்த கூலி கொடுத்து, வாராவாரம் சம்பளப் பட்டியல் அனுப்ப வேண்டும். இதையெல்லாம்விடக் கஷ்டம் பணம் வரும் தாமதம். ஆட்களுக்கு வெள்ளிக்கிழமை சம்பளம், பெரிய காண்ட்ராக்டரிடமிருந்து நமக்கு வருவது மாதம் கழித்து. கையில் இரண்டு மாதச் சம்பளம் இல்லாமல் பெரிய வேலையில் இறங்க வேண்டாம்.

பொதுக் குடியிருப்பில் வசிப்பவர்களே நடத்தும் தொழிலுக்கு இன்னொரு வழி இருக்கிறது, அதிகம் பேர் கேட்பதில்லை. குடியிருப்பாளர் நிறுவனங்களிடம் மட்டும் விலை கேட்டு வேலை கொடுக்க வீட்டுவசதி ஆணையத்துக்குத் தனி விதி அனுமதிக்கிறது. ஒரு நிறுவனம் இந்த முறையில் மொத்தம் பத்து லட்சம் டாலர் வரை எடுக்கலாம். ஆணையம் விரும்பினால்தான் செய்யும், கட்டாயமில்லை. பதிவேட்டில் பெயர் ஏறியதும் கொள்முதல் அதிகாரியிடம் நேரில் போய், இதைச் செய்கிறீர்களா என்று கேளுங்கள். அப்புறம், அங்கேயே வீடு காலியாகும்போது செய்யும் சின்ன வேலைகளையும் கேளுங்கள். எங்கள் முதல் வேலை அப்படித்தான் கிடைத்தது.