டி.என்.சி. பெட்டியா, கணினியின் சவுண்ட் கார்டா?

மண்டபம், பாம்பன் பக்கம் ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமம் வாங்கி, ரேடியோ வழியே தரவு அனுப்பும் டிஜிட்டல் முறைகளுக்கு வருபவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான்: தரவை ஒலியாகவும் ஒலியைத் தரவாகவும் மாற்றும் மோடம் வேலையை டி.என்.சி. என்ற தனிப் பெட்டியிடம் விடுவதா, கணினியின் சவுண்ட் கார்டை வைத்து மென்பொருளிடம் விடுவதா?

விலை: டி.என்.சி.க்குத் தனிச் செலவு. சவுண்ட் கார்டு லேப்டாப்பிலேயே இருக்கிறது, டைர்வுல்ஃப் போன்ற மென்பொருள் இலவசம். ரேடியோவுக்கு இணைப்பு கேபிள் மட்டும் தேவை.

எதெல்லாம் ஓடும்: டி.என்.சி.யில் பெரும்பாலும் பாக்கெட் (தரவைச் சிறு பொட்டலங்களாக அனுப்பும் முறை), அதை வைத்து இருப்பிடமும் குறுஞ்செய்தியும் அனுப்பும் ஏ.பி.ஆர்.எஸ். மட்டும்தான். 1200, 2200 ஹெர்ட்ஸ் என இரண்டு தொனிகள், நொடிக்கு 1200 பிட். கணினியில் அதுவும் ஓடும், பி.எஸ்.கே.31, எஃப்.டி.8 போன்ற மற்ற டிஜிட்டல் முறைகளும் ஓடும். ஆனால் எஃப்.டி.8-இல் அனுப்புவதும் பெறுவதும் 15 நொடிக்கு ஒரு முறை என மாறி மாறி நடக்கும். கடிகாரம் இரண்டு நொடிக்கு மேல் பிசகினாலே எதிர்முனையில் ஒன்றும் தெரியாது. நெட் இல்லாத நாளில் ஜி.பி.எஸ். வைத்து நேரம் பிடிக்க வேண்டும்.

எளிமை: டி.என்.சி. ஒருமுறை அமைத்தால் சரி. சவுண்ட் கார்டில் ஒலி அளவோடு மல்லுக்கட்ட வேண்டும். கூட்டி வைத்தால் சிக்னல் சிதறும். ஒருநாள் என் லேப்டாப்பின் அறிவிப்பு மணியே 'டிங்' என்று ரேடியோவில் ஒலிபரப்பாகிவிட்டது. அப்புறம் எல்லா மணியையும் அணைத்துவிட்டேன்.

மின்சாரம்: டி.என்.சி. 12 வோல்ட் பேட்டரியில் நாள்கணக்கில் கிடக்கும். லேப்டாப் சில மணி நேரம்தான்.

உப்புக்காற்று: இரண்டையும் விடாது. பின்களில் பச்சை பூக்கும்.

வீட்டில் உட்கார்ந்து தூரதேசம் பிடிக்க சவுண்ட் கார்டு போதும். புயல் நேரத்தில் ஆளில்லாமல் ஓடவேண்டிய ஏ.பி.ஆர்.எஸ். நிலையத்துக்கு டி.என்.சி.யே என் தேர்வு.