சாவியை எடுத்தாலும் நிற்காத ஃபேன்: ஒரு பிஎஸ்6 டீசலோடு சில வருடங்கள்

மைத்துனர் செகண்ட் ஹேண்டில் ஒரு டீசல் எஸ்யூவி பார்த்து வைத்திருக்கிறார். நான் ஓட்டும் அதே மாடல், விலையும் நன்றாக இறங்கியிருக்கிறது, எடுக்கலாமா மாமா என்று கேட்டார். இழுவை, இடவசதி எல்லாம் அவருக்கே தெரியும். எனக்குச் சொல்ல இருப்பது பானெட்டுக்குள் ஓடும் ரேடியேட்டர் ஃபேனைப் பற்றித்தான்.

சாயங்காலம் வேளச்சேரி வந்து பேஸ்மென்ட்டில் நிறுத்தி, பூட்டி, லிஃப்ட் வரை நடந்த பிறகும் பின்னால் உய்ய்ங் என்று இரைச்சல் கேட்கும். வாட்ச்மேன் அண்ணன் "சார், வண்டிய ஆஃப் பண்ணலியா?" என்பார். பண்ணியாச்சு அண்ணே, அதுக்குத்தான் தெரியல.

சரி, ஃபேன் ஓடுவதே கோளாறு என்று சொல்ல வரவில்லை. இன்ஜின் நின்றதும் பெல்ட்டில் ஓடும் வாட்டர் பம்ப்பும் நின்றுவிடும், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் சுற்றாது, ஆனால் சிலிண்டர் ஹெட்டில் தேங்கிய சூடு எங்கும் போகாது. அதனால் நிறுத்திய பிறகு கூலன்ட் சூடு கொஞ்சம் ஏறத்தான் செய்யும். பானெட்டுக்குள் சேரும் அந்த அனலை வெளியேற்ற ஃபேன் இரண்டு மூன்று நிமிஷம் ஓடி நின்றால் பேசாமல் வீட்டுக்குப் போகலாம்.

என் வண்டியில் சில நாட்கள் மட்டும் அது பத்து நிமிஷம் வரை, அதுவும் முழு வேகத்தில் ஓடும், கூடவே காய்ந்த இரும்பு வாசனை. டெம்பரேச்சர் முள் நடுவில்தான் நிற்கும். சர்வீஸ் சென்டரில் கேட்டால் "நார்மல்தான் சார்". மறுபடி கேட்டாலும் அதே நார்மல், கூடுதலாக ஏசி கிளீனிங் பண்ணிடலாமா என்று ஒரு கேள்வி.

விஷயம் டிபிஎஃப்பில் இருக்கிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததிலிருந்து டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் இந்த ஃபில்டர் இருக்கிறது. அது நிரம்ப நிரம்ப, வண்டியே கொஞ்சம் டீசலைக் கூடுதலாகத் தெளித்து, புகையின் சூட்டை 600 டிகிரி அளவுக்கு ஏற்றி, கரியை எரித்துத் தள்ளும். முடிய பத்து இருபது நிமிஷம் தொடர்ந்து ஓட்ட வேண்டும். வேளச்சேரி டு கிண்டி ஓட்டத்தில் அது எங்கே முடியும்? பாதியில் நான் அணைத்துவிட, கொதிக்கிற ஃபில்டரின் சூட்டைத் தணிக்க ஃபேன் மட்டும் தனியாக மல்லுக்கட்டுகிறது.

என் கோபம் ஃபேன் மேல் இல்லை. கையகலத் திரை வைத்து, அதில் பாட்டுக்கு ஏற்ற கலர் விளக்கெல்லாம் கொடுத்தவர்கள், "கரி எரிகிறது, அணைக்காதே" என்று ஒரு சின்ன விளக்கு வைக்கக் கூடாதா? இந்த மாடலில் டிபிஎஃப் விளக்கு எரிவது ஃபில்டர் ஏறக்குறைய அடைத்த பிறகுதான். அதுவரை நாம்தான் ஜோசியம் பார்க்க வேண்டும்: வண்டி நிற்கும்போது இன்ஜின் சுற்றும் வேகம், அதாவது ஐடிலிங் ஆர்பிஎம், வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடியிருக்கும், சிக்னலில் ஆட்டோ ஸ்டாப் வேலை செய்யாது, உடனடி மைலேஜ் சரியும். இப்படித் தெரிந்தால் நான் வீட்டுக்குத் திரும்பாமல் தாம்பரம் பக்கம் ஒரு ரவுண்டு போய் வருகிறேன், டீசல் என் செலவில். கரி எரிவது பாதியில் நின்றுகொண்டே இருந்தால் தெளித்த டீசல் இன்ஜின் ஆயிலில் கலக்கும் என்பதால் டிப்ஸ்டிக்கையும் அவ்வப்போது உருவிப் பார்க்கிறேன். ஆயில் குறைந்தால் கவலைப்படுவது போய் ஏறினால் கவலைப்படும் காலம்.

அப்புறம் ஒன்று. காலையில் குளிர்ந்த வண்டியிலேயே ஃபேன் முழு வேகத்தில் ஓடினாலோ, பேட்டரி இறங்கும்வரை நிற்காவிட்டாலோ அது டிபிஎஃப் இல்லை. ரிலே ஒட்டியிருக்கலாம், கூலன்ட் சென்சார் போயிருக்கலாம், காட்டிவிடுங்கள். எதுவானாலும் சாவி கையில் இருக்கிறதே என்று ஃபேன் பக்கம் விரலை விடாதீர்கள்.

நியாயமாகச் சொன்னால், திண்டிவனம் தாண்டிவிட்டால் இதைப்போல ஒரு வண்டி கிடையாது. திருநெல்வேலி வரை ஒரே இழுப்பு, போய் நிறுத்தினால் ஃபேன் மூச்சே விடாது. மைலேஜிலும் குறை சொல்ல முடியாது.

மைத்துனரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் ஆபீஸ் வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டர், ஊருக்குப் போவதும் ரயிலில், பெட்ரோல் எடுக்கட்டும். "அப்ப உங்க வண்டிய வித்துடுவீங்களா மாமா?" என்றார். அதெல்லாம் மாட்டேன்.