அடிபட்ட தெருநாய்க்கு உதவி தேடுபவர்கள் பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படியுங்கள்

3,500 ரூபாய் போச்சு. ஆத்திரத்தில் கை நடுங்குகிறது, கோர்வையாக வருமா தெரியவில்லை. ஆனாலும் இன்றைக்கே எழுதியாக வேண்டும். நாய்க்கு வைத்தியம் என்று சொல்லி என்னை ஏமாற்றிய ஆள் இந்நேரம் வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருப்பான்.

எங்கள் ஊர் ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் இருக்கும் மண்டபம். கருவாடு காயப்போடும் பக்கம் சுற்றுகிற செவலை நாய் ஒன்று, இடது காது கிழிந்தது. கரையில் கிடந்த தூண்டில் முள்ளை அதில் இருந்த மீனோடு கவ்விவிட்டது. முள் கீழுதட்டில் ஏறி நிற்க, தங்கூஸ் நரம்பு, அதாவது தூண்டில் கயிறு, வாயிலிருந்து தொங்கியது. தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் எச்சில் வடிய நின்றது. ஞாயிற்றுக்கிழமை, கால்நடை மருந்தகம் பூட்டிக் கிடந்தது. போனில் பிடித்த தனியார் டாக்டர் ஒருவர், தெருநாய் என்றதுமே "அது கடிச்சிரும்மா, விட்டுருங்க" என்று வைத்துவிட்டார்.

அப்போதுதான் சமூக ஊடகத்தில் அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. காயம்பட்ட விலங்குகளுக்கு இடத்துக்கே வந்து சிகிச்சை என்று போட்டிருந்தது. கட்டுப் போட்ட நாய், கன்றுக்குட்டி, மயில் என்று வரிசையாகப் படங்கள்.

பேசியவன் முதலில் பணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. முள் உதட்டிலா தொண்டையிலா என்று கேட்டான். போட்டோ அனுப்பச் சொன்னான். "நரம்பைப் புடிச்சு இழுத்துறாதீங்க அக்கா, முள்ளுல எதிர்க்கொக்கி இருக்கும், சதையைக் கிழிச்சிரும்" என்றான். கடலோரத்தில் பிறந்தவளுக்கு அது சரியான பேச்சு என்று தெரியும். விவரம் தெரிந்த ஆள்தான் என்று மனது நிம்மதியானது. "அழாதீங்கக்கா, நம்ம புள்ளையக் காப்பாத்திரலாம்" என்றான். நம்ம புள்ளை! அந்த நாயை அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அதற்கப்புறம்தான் கணக்கு வந்தது. மயக்க ஊசி, மருந்து, வண்டி டீசல் எல்லாம் சேர்த்து 3,500. டாக்டர் ராமநாதபுரத்தில் தயாராக நிற்கிறார், பணம் வந்ததும் கிளம்பிவிடுவார் என்றான். அனுப்பினேன்.

"உச்சிப்புளி தாண்டியாச்சுக்கா" என்றான். இருட்டியது. மறுபடி கேட்டால், பாம்பன் பாலத்தில் வண்டி மாட்டிக்கொண்டதாம். ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் வருகிறவருக்குப் பாம்பன் பாலத்தில் என்ன வேலை? பாலம் எங்கள் ஊரைத் தாண்டியல்லவா இருக்கிறது! அதைக் கேட்டதும் போனை வைத்துவிட்டான்.

அப்புறம் வேறொரு எண்ணிலிருந்து ஒரு பெண். அக்கா போய் மேடம் ஆகிவிட்டது. "டாக்டருக்கு வேற எமர்ஜென்சி கேஸ் மேடம்." சரி, 3,500 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். "அது டொனேஷன் மேடம், ரிட்டர்ன் கிடையாது." விடாமல் கேட்டதற்கு, "ஒரு தெருநாய்க்கு இவ்வளவு பேசுறீங்களே" என்று சொல்லி என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். ராத்திரி முழுக்க அந்த நாய் வாயைத் தரையில் தேய்த்துத் தேய்த்து முனகியது. பணம் போனதைவிட அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

காலையில் பக்கத்து வீட்டு அண்ணன் பழைய வலையைப் போட்டுப் பிடித்துக் கொடுக்க, ஆட்டோவில் அரசு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். ஊசி போட்டு மயங்க வைத்து, முள்ளின் நுனியை வெளிப்பக்கமாகத் தள்ளி, கொக்கியை வெட்டிவிட்டு எடுத்தார். வெறிநாய்த் தடுப்பூசியும் போட்டார். காசு வாங்கவில்லை. இப்போது கஞ்சி குடிக்கிறது.

இதோடு விட்டிருப்பேன். இன்று என் தம்பியின் போனில் பார்த்தால், நான் அனுப்பிய அதே போட்டோ அந்தப் பக்கத்தில் இருக்கிறது. "இந்த ஜீவனுக்கு அவசர அறுவை சிகிச்சை, உதவுங்கள்" என்று வசூல்! இணையப் பண மோசடிக்கான அரசு எண் 1930-க்கு அழைத்துப் புகார் கொடுத்துவிட்டேன்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இவ்வளவுதான்: வண்டி வந்து நிற்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். கால்நடை ஆம்புலன்ஸுக்கான அரசு எண் 1962, முதலில் அதை அழையுங்கள். வலியில் இருக்கும் நாய் கடிக்கும். கடித்தாலோ கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். மனுஷ வலி மாத்திரையை நாய்க்கோ பூனைக்கோ கொடுக்காதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930.

செவலை நிறம், கிழிந்த இடது காது, வாயில் நரம்பு, பின்னால் கரையேற்றிய நீலப் படகு. இந்தப் படத்தைக் காட்டி யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அந்த நாய்க்கு வைத்தியம் முடிந்துவிட்டது.