கம்பளி விரிப்பை ‘வாடை நீக்க’க் கொடுக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

வீட்டு வாசலுக்கே வந்து எடுத்துப்போய், "சுத்தமா வாடை போயிடும் சார், கேரண்டி" என்று சொல்லும் கார்ப்பெட் வாஷ் ஆட்களிடம் கம்பளி விரிப்பைக் கொடுக்க நினைத்திருந்தால், முதலில் இதைப் படித்துவிடுங்கள். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒருவரைத் தவிர்த்தால் இன்னொருவரிடம் இதே கதை நடக்கும் என்பதால், என்ன செய்தார்கள் என்பதுதான் முக்கியம்.

பூனை ஒரு மூலையைத் தன் கழிப்பறையாக்கிக்கொண்டதில் ஆரம்பித்தது பிரச்சினை. முடிச்சுப் போட்டு நெய்த விரிப்பு: மேலே கம்பளி, அடியில் முடிச்சுகளைத் தாங்கும் பருத்திப் பாவு நூல். எடுத்துப்போக வந்தவர் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. என்ன நூல், சாயம் நிற்குமா, நாற்றம் எதனால் என்று ஒரு கேள்வியும் இல்லை. சுருட்டினார், ரசீது கிழித்தார், போய்விட்டார்.

திரும்பி வந்தபோது பாலித்தீன் உறைக்குள் இறுக்கமாகச் சுற்றியிருந்தது. பிரித்ததும் மல்லிகை வாசம் ஆளைத் தூக்கியது. தடவிப் பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருந்தது. இங்கேதான் கம்பளி ஏமாற்றும். தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டு, கைக்கு ஈரமே தெரியாமல் இருக்கக்கூடிய நார் அது.

சென்ட் பறந்ததும் பழைய மூத்திர வாடை திரும்பியது. கூடவே புதிதாக ஒரு பூசண வாடை. மூலையைப் புரட்டினேன். பாவு நூல் ஜில்லென்று இருந்தது, முடிச்சுகளுக்கு இடையில் மிளகுத்தூள் சிந்தியதுபோல் கரும்புள்ளிகள். முன்பக்கத்தில் சிவப்புச் சாயம் வெளிர் ஓரத்துக்குள் கசிந்திருந்தது.

போன் செய்தால், "கம்பளின்னாலே அப்படித்தான் சார், வெயில்ல போடுங்க" என்றார்கள். பாதி உண்மை. நனைந்த கம்பளிக்கு ஓர் ஆட்டு வாடை உண்டுதான், ஆனால் காய்ந்தால் அது அடங்கிவிடும். பூனை மூத்திரம் அப்படியில்லை. அதிலுள்ள யூரிக் அமிலம் தண்ணீரில் லேசில் கரையாது. அடி நூலில் தங்கிய உப்புகள் காற்றில் ஈரம் ஏறும்போதெல்லாம் மறுபடி நாறும். மேலே நுரை போட்டுத் தேய்த்து வாசனை அடித்தால் அது எங்கே போகும்?

என்ன மருந்து போட்டீர்கள் என்று விடாமல் கேட்டதில் பாட்டிலைப் படம் எடுத்து அனுப்பினார்கள். பெரிதாக்கிப் பார்த்தேன். என்சைம் திரவம். லேபிளின் கீழ்வரியில் மருந்தைத் தயாரித்தவர்களே அச்சடித்திருந்தார்கள்: கம்பளி, பட்டு ஆகியவற்றுக்குப் பயன்படுத்தக் கூடாது. புரதக் கறையைத் தின்னும் என்சைமுக்கு, கம்பளியும் கெரட்டின் என்ற புரதம்தான். கறையையும் தின்னும், விரிப்பையும் தின்னும். இதைச் சொன்னதற்குக் கிடைத்த பதில்: "ரசீதைப் பாருங்க சார்." பார்த்தேன். பின்பக்கத்தில் பொடி எழுத்தில், சாயம் போவதற்கும் நார் சேதத்துக்கும் பொறுப்பல்ல என்றிருந்தது. கேரண்டி என்று வாயால் சொன்னது எங்கும் எழுத்தில் இல்லை.

பிறகு விரிப்பு மட்டுமே துவைக்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் செய்ததே புரட்டிப் பார்த்ததுதான். முடிச்சு தெரிகிறதா, துணி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார். பின்னால் துணி ஒட்டிய ரகத்தில் சில சமயம் லேடெக்ஸ் பசையே பழசாகி நாறுமாம், அதை எத்தனை முறை துவைத்தாலும் போகாது, அப்படியானால் வேலையே எடுக்கமாட்டேன் என்றார். வெள்ளைத் துணியை நனைத்து ஒவ்வொரு நிறத்தின் மேலும் அழுத்தி, சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்தார். இருட்டில் புற ஊதா விளக்கு அடித்ததும், ஒரே மூலை என்று நாம் நினைத்திருந்தது வரிசையாக நாலைந்து இடமாக ஒளிர்ந்தது. பூனையின் உழைப்பு அப்படி. விரிப்பைப் பாவு நூலோடு மெல்ல மடக்கிக் காதருகே வைத்துக் கேட்டார். நூல் இற்றுப்போயிருந்தால் படபடவென்று முறியுமாம். நல்லவேளை, சத்தம் வரவில்லை.

காரம் அதிகமான சோப்பும் குளோரின் ப்ளீச்சும் கம்பளிக்கு ஆகவே ஆகாது. சூடான தண்ணீரில் போட்டு அலசினால் சுருங்கித் தடித்துவிடும். ஆகவே கொடுக்கும் முன் என்ன திரவம், முழுக்க முக்கித் துவைப்பார்களா, பிழிந்து எவ்வளவு சீக்கிரம் காயவைப்பார்கள் என்று கேட்டு, பதிலை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். வாசனை எதுவும் அடிக்கக் கூடாது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் பாலித்தீனைப் பிரித்து, அடிப்பக்கத்தை முகர்ந்து பார்த்த பிறகே மீதிப் பணம். "வீட்டுக்குப் போய் ஒரு நாள் விட்டா சரியாயிடும்" என்றால் திருப்பி அனுப்புங்கள்.

இரண்டாவது துவைப்பில் நாற்றம் போய்விட்டது. ஓரத்தில் இறங்கிய சிவப்பு மட்டும் இனி போகாது என்று அவரே சொல்லிவிட்டார். முதல் ஆட்கள் பணத்தைத் திருப்பவில்லை. அடுத்த வாஷ் பாதிக் கட்டணத்தில் என்று இன்றைக்கும் மெசேஜ் வருகிறது.