3,200 ரூபாய் போச்சு: சேலத்தில் பெர்ஃப்யூம் வாங்குகிறவர்கள் கவனம்

இன்னும் கை நடுங்குகிறது, அவ்வளவு கோபம். சேலத்தில் வெளிநாட்டு பெர்ஃப்யூம் விற்கும் ஒரு கடையில் 3,200 ரூபாய் கொடுத்து ஏமாந்து நிற்கிறேன்.

நான் தேடியது கோடைக்கு ஏற்ற பழ வாசனை. இந்த வெயிலில் ஊது என்கிற அகில் மர வாசனை மாதிரி கனமானதைப் போட்டால் எனக்குத் தலை வலிக்கும். கடைப் பையன் டெஸ்டரை எடுத்து, "பேப்பர்ல தெரியாதுக்கா, கையில போட்டுட்டு ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. பிடிச்சா மட்டும் வாங்குங்க" என்றான். அந்த வார்த்தைதான் என்னை நம்ப வைத்தது. அவசரப்படுத்தாமல் விற்கிறார்களே என்று மனசு குளிர்ந்துவிட்டது.

டெஸ்டர் உண்மையிலேயே அருமை. முதலில் எலுமிச்சையும் பேஷன் ஃப்ரூட்டும் புளிப்பாக வந்தன. கொஞ்ச நேரத்தில் அது அடங்கி மாம்பழம் எழுந்தது. மல்கோவா விளைகிற ஊர்க்காரி நான்; பழத்தின் காம்போரம் வருமே அந்தப் பிசின் வாசம், அதுகூட இருந்தது. பஸ்ஸில் வியர்த்து வழிந்த பிறகும், சாயங்காலம் வரை தேங்காய்ப்பால் மணம் தோலோடு ஒட்டிக் கிடந்தது. திரும்பிப் போய் 3,200 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். பில் கேட்டதற்கு, "சிஸ்டம் வேலை செய்யலக்கா" என்று ஒரு துண்டுச் சீட்டு.

வீட்டில் சீல் பிரித்து அதே மணிக்கட்டில் அடித்தால் குப்பென்று ஸ்பிரிட் நெடி. அப்புறம் மாம்பழ மிட்டாய் மாதிரி ஒரு தட்டையான இனிப்பு. அரை மணி நேரத்தில் அதுவும் இல்லை. மிஞ்சியது சிவந்து போன தோலும் அரிப்பும்தான்.

கடையில் கேட்டால், "உங்களுக்கு டிரை ஸ்கின்க்கா, நிக்காது. வெயில் வேற." வறண்ட தோலில் வாசனை சீக்கிரம் போகும், சூட்டில் வேகமாக ஆவியாகும், எல்லாம் சரி. டெஸ்டர் நின்றதும் இதே தோலில், இதே வெயிலில்தானே? இரண்டையும் ஒவ்வொரு கையில் அடித்துப் பார்ப்போம் என்றேன். டெஸ்டர் தீர்ந்துவிட்டதாம். சீல் பிரித்ததைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம். ஓனர் ஏற்காட்டில், கோடை விழாக் கூட்டத்துக்காகப் போட்ட ஸ்டாலில் இருக்கிறாராம்.

விடவில்லை, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனேன். சேலத்துச் சூடு இல்லாத அந்த மலையில், அவர் கண் முன்னாலேயே கையில் அடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். அங்கேயும் வாசனை நிற்கவில்லை. முகர்ந்துகூடப் பார்க்காமல், "கீழ கடையில பேசிக்கோங்கம்மா" என்று வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். இப்போது போனையும் எடுப்பதில்லை. 3,200 ரூபாய் எனக்குச் சின்னத் தொகை இல்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு அவசரமாகச் சில விஷயங்கள். டெஸ்டரை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். உங்களுக்குத் தரும் பாட்டிலையே பிரித்துக் கையில் அடிக்கச் சொல்லுங்கள். பெட்டியில் இருக்கும் பேட்ச் எண்ணும் பாட்டில் அடியில் இருப்பதும் ஒன்றா பாருங்கள். என்னுடையதில் வேறு வேறு. இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எம்ஆர்பி அச்சாகியிருக்க வேண்டும். துண்டுச் சீட்டு வேண்டாம், பில் கேளுங்கள். ஏமாந்தவர்கள் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். நான் அழைத்துப் புகார் பதிந்துவிட்டேன், பாட்டிலையும் பெட்டியையும் அப்படியே வைத்திருக்கிறேன்.