கரணமா, கட்டைநடையா, ஜக்லிங்கா: எங்கள் பாடசாலை அணிகளுக்கு எந்தச் சர்க்கஸ் வித்தை உதவும்?

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பாடசாலை அணியொன்றைப் பயிற்றுவிப்பவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் பாடசாலை விட்ட பின்னரான ஒரு மணித்தியாலம். வெயில் தாழக் காத்திருந்தால் அதுவும் முக்கால் மணித்தியாலமாகச் சுருங்கிவிடும். அதற்குள் 20 நிமிடத்தை ஒதுக்கி, கபடிக்கோ உதைபந்தாட்டத்துக்கோ நேரடித் தொடர்பில்லாத சர்க்கஸ் வித்தை ஒன்றைப் பழக்கச் சொன்னால், அதனால் அணிக்கு என்ன கிடைக்கும் என்று கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு. வித்தைகள் எல்லாமே உடலுக்கு நல்லவை என்ற பொதுப்பேச்சு அந்தக் கேள்விக்கு விடையாகாது. தரையில் உருளும் கரணம், ஒடுங்கிய கட்டையிலோ இழுத்துக் கட்டிய பட்டியிலோ நடக்கும் சமநிலை வித்தை, மூன்று பந்துகளை இடையறாமல் எறிந்து பிடிக்கும் ஜக்லிங், கயிற்றில் ஏறித் தொங்கும் வித்தை ஆகிய நான்கும் ஒரே கூடாரத்தின் கீழ் நடந்தாலும், அவை உடலில் ஏற்படுத்தும் பயன் வேறு, கேட்கும் செலவு வேறு, கொண்டுவரும் ஆபத்தும் வேறு. ஒன்றுக்கு மட்டுமே நேரம் உண்டென்றால் கரணத்தையே எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஏன் என்பதை மற்ற மூன்றோடும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விளங்கும்.

அதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. சர்க்கஸ் கலைஞரின் உடற்கட்டைப் பார்க்கும்போது, அந்த வித்தைதான் அந்த உடலைச் செய்தது என்று நம்பிவிடத் தோன்றும். ஆனால் 1984இல் கனடாவின் கியூபெக்கில் தொடங்கிய சர்க் டு சொலெய் நிறுவனம் முன்னாள் ஜிம்னாஸ்டிக் வீரர்களைத் தேடித் தேடித் தன் மேடைக்குச் சேர்த்து வந்திருக்கிறது. இந்திய சர்க்கஸின் தாயகமாகச் சொல்லப்படும் கேரளத்துத் தலசேரியிலும், கீலேரி குஞ்ஞிக்கண்ணன் களரியும் உடற்பயிற்சியும் கற்பித்த ஆசிரியராக இருந்துதான் சர்க்கஸுக்கு ஆள்களை ஆயத்தம் செய்தார். அதாவது விளையாட்டுப் பயிற்சி சர்க்கஸை வளர்த்தது என்பதற்குச் சான்று நிறையவே உண்டு. எமக்கு வேண்டியது மறுதிசையில் வரும் பயன். அது தானாகவே வந்துவிடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

கரணத்தை முதலில் வைப்பதற்குக் காரணம், அது பழக்கும் செயல் ஆடுகளத்தில் அப்படியே நிகழ்கிறது என்பதுதான். கபடியில் பாடிச் செல்பவனின் கணுக்காலைப் பிடித்து இழுத்தவுடன் அவன் உடல் முன்னோக்கிச் சாய்கிறது. பழக்கமில்லாதவன் உள்ளங்கையை விரித்து, முழங்கையை விறைப்பாக நீட்டித் தரையில் ஊன்றுகிறான். முழு உடற்பாரமும் ஓடி வந்த வேகமும் மணிக்கட்டு, முழங்கை, காறை எலும்பு என்ற ஒரே கோட்டில் ஏறுகின்றன. முறிவு அந்தக் கோட்டில் எங்கு வேண்டுமானாலும் நேரலாம். தோள்வழிக் கரணம் பழகியவனுக்கு அந்த நொடியில் வேறொன்று நிகழ்கிறது. நாடி நெஞ்சோடு ஒட்டுகிறது, கை வளைந்தபடி தரையைத் தொடுகிறது, பின்னர் தோள், அங்கிருந்து முதுகின் குறுக்காக மறுபக்க இடுப்பு என்று உடல் உருண்டு போகிறது. விழுந்த வேகம் ஓரிடத்தில் முட்டாமல் உடலின் நீளம் முழுவதும் பரவிக் கரைகிறது. தலை தரையைத் தொடுவதே இல்லை. முள்ளந்தண்டின் மேலாக நேரே உருளாமல் குறுக்காக உருள்வதால் முதுகெலும்பும் தப்புகிறது.

இது வெறும் தற்காப்பு மட்டுமன்று, ஆட்டத்தையே மாற்றக்கூடியது என்பதற்குக் கரப்பந்தாட்டத்தில் ஒரு நல்ல முன்னுதாரணம் உண்டு. 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஜப்பானியப் பெண்கள் அணிக்கு, அதன் பயிற்றுநர் ஹிரோபுமி தைமட்சு, தாழ்ந்து வரும் பந்தைப் பாய்ந்து எடுத்து அப்படியே உருண்டு எழுந்து நிற்கும் முறையைப் பழக்கியிருந்தார். விழுவதற்கு அஞ்சாத ஆட்டக்காரி எட்டாத பந்துக்கும் போகிறாள்; உருண்டு எழுபவள் அடுத்த பந்துக்குள் தன் இடத்துக்கு வந்துவிடுகிறாள். கரப்பந்தாட்டம் எமது நாட்டின் தேசிய விளையாட்டாக இருந்தும், சீமெந்துத் தரையிலும் கட்டாந்தரையிலும் ஆடும் எமது பிள்ளைகள் பந்துக்காகப் பாயத் தயங்குவதை எந்தப் போட்டியிலும் காணலாம். அந்தத் தயக்கத்தை ஏசித் தீர்க்க முடியாது. உதைபந்தாட்டத்தின் கோல் காப்பாளருக்கும், கிரிக்கெட்டில் களத்தடுப்பில் நிற்பவருக்கும் இதுவே பொருந்தும்.

செலவு என்று பார்த்தால், இரண்டு தும்பு மெத்தைகளை நெருக்கிப் போட்டு, அவை விலகாதபடி மேலே பன்பாய் விரித்தால் தொடங்கிவிடலாம். கல்லடியிலோ பாசிக்குடாவிலோ கடற்கரை மணலில் பழக்கினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. குதித்து இறங்குவதற்கு உலர்ந்த மணல் நல்லது. உருள்வதற்கு அது ஏற்றதல்ல. தோள் மணலில் புதைந்தவுடன் உருளல் பாதியில் நின்று, வேகம் முழுவதும் கழுத்தின் பக்கம் திரும்பும். புல்தரை மணலைவிட நல்லது. கரணத்தின் உண்மையான விலை மெத்தையில் இல்லை, கற்பிப்பவரின் கவனத்தில் இருக்கிறது: முழந்தாளில் இருந்தபடி உருள்வது, பின்னர் குந்தியிருந்து, பின்னர் நின்று, கடைசியாக நடந்து வந்து என்று படிப்படியாக ஏற்றாமல் முதல் நாளே ஓடி வந்து குட்டிக்கரணம் அடிக்க விடுபவர், பிள்ளையின் கழுத்தோடு விளையாடுகிறார். பின்பக்கமாக அந்தரத்தில் அடிக்கும் கரணம் எந்தப் பந்து விளையாட்டுக்கும் தேவையில்லை. கோல் அடித்த மகிழ்ச்சியில் அதைச் செய்து காட்ட விரும்பும் பையன்களுக்குக் கண்டிப்பாக மறுத்துவிட வேண்டும்.

கரணத்துக்கு நேர்ப் போட்டியாக வருவது சமநிலை வித்தை. கழைக்கூத்தாடிகளின் கயிற்றுநடையை எமது முன்னோர் நெடுங்காலமாகக் கண்டு வந்திருக்கிறார்கள். சித்திரைப் புத்தாண்டு விளையாட்டுகளில் கிடைமரத்தில் அமர்ந்து ஆடும் தலையணைச் சமரும் இதன் உறவுதான். இன்று பேசப்படுவது ஸ்லெக்லைன் எனப்படும் நைலோன் பட்டி. பட்டியில் பழகுபவர்களின் சமநிலை பட்டியின் மேல் பெரிதும் வளர்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்து 2017இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, அந்த வளர்ச்சியில் சிறு பங்குதான் தரையில் நிற்கும், அசையும் சமநிலைக்கு வந்து சேர்கிறது என்று காட்டியது. உடல் எதைப் பழகுகிறதோ அதையே முதன்மையாகக் கற்கிறது. பட்டியில் நடக்கக் கற்றவர் முதலில் பட்டியில் நடப்பதில்தான் வல்லவராகிறார்.

காயத்தைத் தடுப்பதில் சமநிலைப் பயிற்சிக்குள்ள பெறுமதி வேறு கதை, அங்கே சான்று வலுவானது. நெதர்லாந்தில் கரப்பந்தாட்ட வீரர்களிடையே நடத்தப்பட்டு 2004இல் வெளியான ஆய்வில், மேலே நின்றால் தள்ளாடும் சமநிலைப் பலகையில் பழகியவர்களுள் ஏற்கெனவே கணுக்கால் சுளுக்கியவர்களுக்கு அது மீண்டும் சுளுக்குவது குறைந்தது. அதே ஆய்வில் முன்பு முழங்கால் காயம் கண்டவர்களிடம் முழங்கால் உபாதை கூடியதும் தெரிந்தது. இந்த இரண்டாவது முடிவைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். எனவே அணி முழுவதையும் வரிசையில் நிறுத்திக் கட்டையில் ஏற்றுவது சரியன்று. கணுக்கால் பலவீனமானவரை ஏற்ற வேண்டும், முழங்கால் நொந்தவரைத் தனியே கவனிக்க வேண்டும்.

பட்டியா கட்டையா என்ற தெரிவில் நான் கட்டையின் பக்கம். 10 மீற்றர் பட்டியின் நடுவில் 60 கிலோ எடையுள்ளவர் நின்று, பட்டி அரை மீற்றர் தாழ்ந்தால், ஒவ்வொரு முனையிலும் ஏறத்தாழ 300 கிலோ பாரத்துக்குச் சமமான இழுவிசை விழும். எமது கரையோர மணலில் நிற்கும் தென்னையை நம்பி அதைக் கட்டுவது எனக்கு ஒப்பவில்லை. ஒரு பனங்குற்றியைத் தரையில் கிடத்தி, உருளாதபடி இரு பக்கமும் மணல் சாக்குகளை அண்டக் கொடுத்தால் போதும். வெறுங்கால், முழங்கால் சற்று மடிந்திருக்க வேண்டும், கைகள் தோளுக்கு மேல், பார்வை குற்றியின் மறுமுனையில். கால்களைப் பார்த்து நடப்பவர் மூன்றாவது எட்டிலேயே விழுவதையும், பார்வையை மறுமுனையில் ஊன்றியவர் கடந்துபோவதையும் பிள்ளைகள் தாமாகவே கண்டுகொள்வார்கள்.

அறுகம்பேயில் அலைச்சறுக்குப் பழகும் பொத்துவில் இளைஞர்களுக்காவது பட்டி முதலிடம் பெறாதா என்று கேட்கலாம். அங்கே சறுக்குக்கு ஏற்ற அலைகள் ஏறத்தாழ ஏப்ரல் மாதம் முதல் ஒக்ரோபர் வரை. எஞ்சிய மாதங்களில் கரையில் எதைப் பழகுவது என்பது அவர்களுக்கு உண்மையான கேள்வி. ஆயினும் பட்டியில் பாதங்கள் பட்டியின் நீளத்தோடு ஒன்றன்பின் ஒன்றாக நேரே நிற்கின்றன. சறுக்குப் பலகையில் அவை குறுக்காகத் திரும்பி அகன்று நிற்கின்றன, பலகையின் வேகமே சமநிலையின் பாதியைத் தருகிறது. அதைவிட முக்கியமாக, புதியவர் அலையைத் தவறவிடுவது பெரும்பாலும் நின்ற பிறகல்ல, குப்புறக் கிடந்த நிலையிலிருந்து ஒரே வீச்சில் எழும் அந்தக் கணத்தில். கைகளை ஊன்றி இடுப்பைத் தூக்கிக் கால்களை அடியில் கொண்டுவரும் அந்த எழுச்சி கரணக்காரரின் தரைப்பயிற்சிக்குச் சொந்தமானது. ஆகவே இங்கும் என் தராசு கரணத்தின் பக்கமே சாய்கிறது.

ஜக்லிங்கைப் பற்றித்தான் மிகப் பெரிய வாக்குறுதிகள் கொடுக்கப்படுகின்றன. ஜேர்மனியில் நடத்தப்பட்டு 2004இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு ஒன்று, மூன்று மாதம் மூன்று பந்து பழகியவர்களின் மூளையில், அசைவைக் காணும் பகுதிகளில் சாம்பல்நிறப் பொருள் கூடியதாகவும், பழக்கத்தை விட்டு மூன்று மாதம் ஆனபோது அது மீண்டும் குறைந்ததாகவும் காட்டியது. அரிய கண்டுபிடிப்புத்தான். ஆனால் மூளை மாறியது என்பதைக் காட்டியதே தவிர, அந்த மாற்றத்தால் ஒருவர் கிரிக்கெட்டில் துடுப்பாட்டக்காரருக்குப் பின்னே ஸ்லிப்பில் நின்று கூடுதலாகப் பிடி எடுப்பார் என்று அது சொல்லவில்லை. ஜக்லிங்கில் பந்தை எறிவதும் நானே, பிடிப்பதும் நானே. எங்கே விழும் என்பது கையை விட்டுப் புறப்படும்போதே எனக்குத் தெரியும். கிரிக்கெட்டில் பந்தின் வழி இன்னொருவரின் துடுப்பிலிருந்து பிறக்கிறது, அதை வாசிப்பதுதான் பாதி வேலை. அந்த வாசிப்பை ஜக்லிங் கற்பிப்பதில்லை.

அது கற்பிப்பவை வேறு. பலவீனமான கை பலமான கைக்கு ஈடாக உழைத்தே தீர வேண்டும், இல்லாவிட்டால் சுழற்சி அறுந்துவிடும். இடக்கையால் பிடிக்க அஞ்சும் களத்தடுப்பாளருக்கும் வலைப்பந்தாட்டப் பிள்ளைக்கும் இது நேரடி மருந்து. பார்வை கைகளில் இல்லாமல் பந்துகள் திரும்பும் உச்சியில் நிலைகொள்ள, கைகள் கடைக்கண்ணின் துணையோடு தம் வேலையைச் செய்கின்றன. கையிலிருந்து ஒரு மீற்றர் உயரம் எறிந்தால் பந்து திரும்பி வர 0.9 செக்கன் ஆகும், அரை மீற்றர் என்றால் 0.64 செக்கன், உயரத்தைப் பாதியாக்கினாலும் நேரம் பாதியாவதில்லை. எனவே பதற்றத்தில் மேலே மேலே எறியும் பிள்ளையிடம் நெற்றி மட்டத்துக்கு எறியச் சொல்லலாம், அதிலும் நேரம் போதும். பெண்கள் பாடிக்கொண்டே அம்மானைக் காய்களை எறிந்து பிடித்த மரபு எம்மிடம் உண்டு என்பதால், இது எமக்கு முற்றிலும் அந்நியமான கலையுமல்ல.

டெனிஸ் பந்து வேண்டாம். விழுந்தால் துள்ளி ஓடும். பிள்ளை எறிவதைவிடப் பொறுக்குவதிலேயே நேரத்தைச் செலவழிக்கும். மருதமுனைச் சாரத்தின் பழந்துண்டில் 160 கிராம் அளவு பயறு நிரப்பித் தைத்த பை விழுந்த இடத்திலேயே கிடக்கும். கிரிக்கெட் பந்தின் நிறையும் ஏறத்தாழ அதுவே. தொடக்கத்தில் எல்லோரும் இரண்டாவது பையை முன்னோக்கி எறிந்துவிட்டு அதைப் பிடிக்க ஓரடி முன்னே வைப்பார்கள். சுவருக்கு ஒரு கை தூரத்தில் முகம் பார்த்து நிற்க வைத்தால், சுவரே அந்தப் பிழையைத் திருத்திவிடும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களிலும் இந்தப் பை திசைமாறாது. மாரியில் மைதானம் வெள்ளத்தில் நிற்கும்போது மண்டபத்திலோ வகுப்பறை விறாந்தையிலோ பழகக்கூடியது இந்த நான்கில் ஜக்லிங்தான் என்பதை அதன் பெரிய நன்மையாகக் கருதுகிறேன். காயமடைந்து ஆட முடியாமல் இருக்கும் பிள்ளைக்கும் அணியோடு சேர்ந்து செய்ய ஒன்று கிடைக்கிறது.

கயிறு ஏறுவதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பிடியின் உரமும் தோளின் உரமும் வளரும். கபடியில் பிடிப்பவருக்கும் கயிறிழுத்தல் அணிக்கும் அது பயன்படும். ஆனால் உறுதியான தாங்குமரம், கீழே தடித்த மெத்தை, ஒவ்வொரு ஏற்றத்துக்கும் பக்கத்தில் ஒரு பெரியவர் என்று அது கேட்பவை பாடசாலைக்குக் கட்டுப்படியாகாது. சட்டத்தில் தொங்கி உடலைத் தூக்கும் சாதாரணப் பயிற்சியே அந்தப் பயனில் பெரும்பகுதியைத் தந்துவிடும்.

வித்தைகளைக் கலப்பதற்கும் நல்ல வழி ஏற்கெனவே இருக்கிறது. உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான ஃபிஃபாவின் 11+ எனப்படும் 20 நிமிடச் சூடேற்றும் பயிற்சியில், ஒற்றைக் காலில் நின்றபடி துணையாளருடன் பந்தை எறிந்து பிடிக்கும் பகுதி உண்டு. நோர்வேயில் உதைபந்தாட்டம் ஆடும் 13 முதல் 17 வயது வரையான பெண் பிள்ளைகளிடையே நடந்து 2008இல் வெளியான பெரிய ஆய்வில், இப்பயிற்சியைச் செய்த அணிகளில் ஒட்டுமொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைவாக இருந்தன. அதில் ஓட்டமும் தசைவலுப் பயிற்சியும் சேர்ந்திருப்பதால் முழுப் புகழையும் சமநிலைக்குக் கொடுக்க முடியாது. ஆனாலும் பனங்குற்றியில் ஒற்றைக் காலில் நிற்கும் ஒருவருக்கு எதிரே நின்று இன்னொருவர் பயற்றுப் பையை எறிவது அதற்கு மிக அண்மையானது, அதற்குப் புதிதாகச் செலவும் இல்லை. இல்ல விளையாட்டுப் போட்டி முடிந்து அணிகள் சேரும் காலத்தில் தொடங்குபவர், வாரத்தில் இரண்டு நாள் கரணத்துக்கு முழு 20 நிமிடத்தையும், ஒரு நாள் குற்றிக்கும் பைக்குமாகச் சேர்த்து அதே நேரத்தையும் கொடுக்கட்டும்; கரணத்தை எப்போதும் பயிற்சியின் தொடக்கத்தில் வைக்கட்டும், ஏனெனில் களைத்த பிள்ளை நாடியை நெஞ்சோடு சேர்க்க மறந்துவிடும்.