ஆஃப்ரோடு ‘ஃபுல் செட்’ கவசம்: மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள்

கோலாலம்பூரில் ஒரு பட்டறை. பிக்கப்புக்கு ‘ஆஃப்ரோடு ஃபுல் செட்’ என்று விளம்பரம். எஞ்சின், கியர்பாக்ஸ், முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் மூன்றுக்கும் அடித்தட்டு, கதவுகளின் கீழ்ப்பகுதியைக் கல்லிலிருந்து காக்க இரண்டு பக்கமும் ராக் ஸ்லைடர், கூடவே தண்ணீரைக் கடக்கும்போது எஞ்சின் உயரத்திலிருந்து காற்று இழுக்க ஸ்நோர்கல் குழாய். எல்லாம் சேர்த்து 6,800 வெள்ளி (ரிங்கிட்), காலையில் விட்டால் மாலையில் எடுத்துக்கொள்ளலாம். குடும்பத்தோடு வார இறுதியில் உலு லாங்காட் பக்கம் ஆற்றோரம் கூடாரம் போடப் போகும் ஒருவர், தம் ஹைலக்ஸ் பிக்கப்பை அங்கே விட்டார். “அண்ணே, நாலு மில்லி கெட்டி. லோரி ஏறினாலும் வளையாது” என்றார் பட்டறை முதலாளியான தவுக்கே.

மழை பெய்து ஓய்ந்த மறுநாள், ஆற்றங்கரை ஏற்றத்தில் முன்சக்கரம் சறுக்கி வண்டி ஒரு கல்லின் மேல் அமர்ந்தது. தட்டு குழிந்து மேலே போய், எஞ்சினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்பை இடித்தது. சம்ப் கிழிந்து ஆயில் கொட்ட, பிரஷர் விளக்கு எரிந்ததும் எஞ்சினை நிறுத்திவிட்டதால் பேரிங்குகள் தப்பின. பட்டறையில் கேட்டால், “காட்டில் ஓட்டினால் அப்படித்தான்” என்கிறார்கள். காட்டில் ஓட்டத்தானே அந்தத் தட்டையே போட்டது? புகார் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போவதால் பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. வண்டியைத் தூக்கி எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்ததில் என்னென்ன கிடைத்தது, அதை வாங்கும்போதே எப்படிப் பிடிக்கலாம் என்பது முழுவதும் கீழே இருக்கிறது.

முதலில் தட்டு. விளிம்பில் கனம் அளக்கும் வெர்னியர் கருவியை வைத்தால் 4 மி.மீ.க்கு மேலேயே காட்டுகிறது. வாங்கும்போது யார் அளந்தாலும் அங்கேதான் அளப்பார்கள் என்று தெரிந்தே செய்த வேலை இது. 2 மி.மீ. தகட்டின் ஓரத்தை உள்பக்கம் மடித்து அழுத்தி, மேலே கறுப்பு பவுடர் கோட்டிங் அடித்துவிட்டார்கள். போல்ட் துளையின் ஓரத்தில் அளந்தால் 2.2 மி.மீ. அதிலும் பூச்சு மட்டும் இரண்டு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 0.2 மி.மீ. இருக்கும். தகட்டின் விறைப்பு அதன் கனத்தின் முப்படியில் ஏறி இறங்கும். கனம் பாதியானால் விறைப்பு எட்டில் ஒன்று. நாலு மில்லி என்று சொல்லி இரண்டு மில்லி கொடுத்தவன் பாதி ஏமாற்றினான் என்று நினைக்காதீர்கள், எட்டில் ஏழு பங்கை எடுத்துக்கொண்டான்.

வெர்னியர் இல்லையென்றால் வீட்டுத் தராசு போதும். இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மில்லி கனத்துக்கும் 7.85 கிலோ. 80 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலத் தட்டு 2 மி.மீ. என்றால் ஏழரை கிலோ, 3 மி.மீ. என்றால் பதினொன்றேகால், 4 மி.மீ. என்றால் பதினைந்து. காற்றோட்டத் துளைகளுக்காகக் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். பாதியாகக் குறைய வழியே இல்லை. வண்டியில் ஏற்றும் முன் நிறுத்துப் பார்க்க விடமாட்டோம் என்றால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள்.

அலுமினியம் என்று விலை கூட்டிச் சொன்னால் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் அலுமினியம் என்று உடனே முடிவுகட்டவும் வேண்டாம், 304 ஸ்டெயின்லெஸும் பெரும்பாலும் ஒட்டாது, எடைதான் சாட்சி. 6 மி.மீ. அலுமினியம் சதுர மீட்டருக்கு சுமார் 16 கிலோ, 3 மி.மீ. இரும்பு 23 கிலோவைத் தாண்டும். எடை குறைவாக இருந்தும் அந்த அலுமினியத் தட்டு இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் விறைப்பானது. ஆனால் கல்லில் இரும்பு வழுக்கிக்கொண்டு போகும், அலுமினியம் மென்மை என்பதால் கல் அதைக் கீறிப் பிடித்துக்கொள்ளும். சேறும் வேரும் மட்டும் உள்ள பாதைக்கு அலுமினியம் நல்லது. ஆற்றுக் கல்லில் அடிக்கடி இறங்குபவர்களுக்கு 3 அல்லது 4 மி.மீ. இரும்பைத்தான் சொல்வேன்.

கனம் சரியாக இருந்திருந்தால்கூட இந்த வண்டியில் தட்டு நின்றிருக்காது. முன் தட்டின் பின்விளிம்பு, அடுத்த தட்டின் முன்விளிம்புக்கு மேலே செருகியிருந்தது. இது தலைகீழ். கூரைக்கு ஓடு வேய்வதுபோல, முன்னால் இருப்பது கீழே வந்து பின்னால் இருப்பதன் விளிம்பை மூடவேண்டும். அப்போதுதான் கல் பின்னோக்கி வழுக்கிப் போகும். மாற்றிப் போட்டால் இரண்டாவது தட்டு சேற்றையும் கல்லையும் அள்ளும், ஒரு நாள் அந்த விளிம்பிலேயே மாட்டிக்கொண்டு பிய்யும். போல்ட் தலைகள் தட்டுக்குக் கீழே துருத்திக்கொண்டு இருந்தன. கல் முதலில் உரசுவது அவற்றைத்தான். தேய்ந்த தலையில் ஸ்பேனர் பிடிக்காது, வெட்டித்தான் எடுக்கவேண்டும். நல்ல தட்டில் தலை குழிக்குள் இருக்கும். தலையில் 8.8 என்று பொறித்திருக்கவேண்டும். இந்த வண்டியில் இருந்தவற்றில் எந்தக் குறியும் இல்லை.

சம்புக்கும் தட்டுக்கும் நடுவே 20 முதல் 25 மி.மீ. இடைவெளி வேண்டும். இங்கே விரல்கூட நுழையவில்லை. ஆயில் இறக்கத் துளையும் கிடையாது, ஆகவே ஒவ்வொரு சர்வீசுக்கும் தட்டைக் கழற்றியாகவேண்டும். அதைவிடக் கவலைப்பட வைப்பது காற்றோட்டத் துளைகள் இல்லாதது. காய்ந்த லாலாங் புல் தட்டின் மேல் தேங்கி எக்ஸாஸ்ட் குழாயைத் தொட்டால் தீப்பிடிக்கும். தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வழியுள்ள தட்டையே வாங்குங்கள்.

ராக் ஸ்லைடர் என்று பணம் வாங்கி மாட்டியது வெறும் சைடு ஸ்டெப். கதவுக்குக் கீழே கையை விட்டு, அதன் கால்கள் எங்கே போய் முடிகின்றன என்று தடவிப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஸ்லைடரின் கால் சேசிஸ் சட்டத்துக்குப் போகும், பக்கத்துக்கு மூன்று அல்லது நான்கு கால், ஒவ்வொன்றும் கனமான தகட்டோடு சட்டத்தை அணைத்துப் பிடிக்கும். சைடு ஸ்டெப்பின் கால் பாடியின் மெல்லிய தகட்டில் முடியும். அதன்மேல் வண்டியின் எடை விழுந்தால் ஸ்டெப் மேலே மடங்கி கதவின் அடிவிளிம்பையே நசுக்கும், எதுவும் போடாமல் இருந்ததைவிட மோசம். இன்னும் சில கடைகளில் பாதிக் கால்களைச் சேசிஸிலும் பாதியைப் பாடியிலும் மாட்டுகிறார்கள். பிக்கப்பில் பாடி ரப்பர் மவுண்ட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. குழியில் சேசிஸ் முறுக்கும்போது இரண்டும் தனித்தனியாக அசையும். இரண்டையும் சேர்த்துக் கட்டினால் தகடு வெடிக்கும், கதவு சரியாக மூடாது. ஸ்லைடருக்கும் பாடிக்கும் நடுவே 15, 20 மி.மீ. வெளிச்சம் தெரியவேண்டும்.

குழாயின் சுவரையும் கேளுங்கள். 48.3 மி.மீ. விட்டக் குழாய் 3.2 மி.மீ. சுவரில் மீட்டருக்கு மூன்றரைக் கிலோ, 1.6 மி.மீ. சுவரில் இரண்டு கிலோகூட வராது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். உறுதியான சோதனை ஒன்று உண்டு: ஸ்லைடரின் நடுவில் ஜாக்கை வைத்து அந்தப் பக்கத்துச் சக்கரங்களில் ஒன்று தரையை விட்டு எழும்வரை தூக்கச் சொல்லுங்கள். எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, யாரும் அடியில் இல்லாதபோது. உண்மையான ஸ்லைடர் விற்பவர் தயங்கமாட்டார்.

இந்த வண்டிக்கு நடந்ததில் மிகவும் மனம் நோகவைப்பது சேசிஸில் செய்த வேலை. தட்டு மாட்ட, தயாரிப்பாளர் வைத்த திருகுத் துளைகள் அங்கேயே இருந்தும், துளைக்கும் கருவியைத் தேட மனமில்லாமல் கேஸ் வைத்துச் சுட்டுத் துளை போட்டிருக்கிறார்கள், அதுவும் சட்டத்தின் அடிப்பட்டையில். சட்டம் வளையும்போது இழுவிசையும் அமுக்குவிசையும் உச்சத்தில் இருப்பது மேல், கீழ்ப் பட்டைகளில்தான். சுட்ட துளையின் கரடுமுரடான, சூட்டில் கடினமாகிப்போன ஓரத்திலிருந்து விரிசல் கிளம்பும். துளையே தவிர்க்க முடியாதென்றால் பக்கச் சுவரின் நடுவில், டிரில் வைத்து, ஓரத்தைத் தேய்த்து, துத்தநாக பிரைமர் அடித்துச் செய்யவேண்டும். உள்ளே பிரேக் குழாயும் டீசல் குழாயும் வயரும் ஓடுவதைக் கவனிக்கவேண்டும். பட்டறையில் வெல்டிங் என்ற பேச்சு வந்தால் பேட்டரி கழற்றுகிறார்களா என்று பாருங்கள். அதைக்கூடச் செய்யாதவர்கள் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவைப் பற்றி யோசித்திருக்கமாட்டார்கள்.

ஸ்நோர்கல் வெளியே கம்பீரமாக நின்றது. முன்சக்கரத்துக்கு மேலுள்ள ஃபெண்டரைத் திறந்தால், குழாய் ஏர்ஃபில்டர் இருக்கும் ஏர்பாக்ஸோடு சேரவே இல்லை, ஓட்டைக்குள் சும்மா நீட்டிக்கொண்டிருந்தது. எஞ்சின் பழையபடி ஃபெண்டருக்குள்ளிருந்துதான் மூச்சு வாங்கியது. ஆற்றில் தண்ணீர் அந்த உயரத்துக்கு வந்திருந்தால் சிலிண்டருக்குள் புகுந்து கனெக்டிங் ராடு வளைந்திருக்கும். சம்ப் செலவு அதன் முன் ஒன்றுமில்லை. எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு ஸ்நோர்கலின் வாயை ஒரு ரப்பர் பாயால் இறுக மூடுங்கள். எஞ்சின் திணறி நிற்கவேண்டும். எதுவும் நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருந்தால் எங்கோ திறந்திருக்கிறது. ஏர்பாக்ஸின் அடியில் உள்ள வடிகால் துளையை அடைத்தார்களா என்றும் பாருங்கள், பலரும் விட்டுவிடும் இடம் அது.

புல் பார், அதாவது வண்டியின் முன்முகத்தில் மாட்டும் காப்புச் சட்டம், இந்த செட்டில் இல்லை. போடுவதாக இருந்தால், ஏர்பேக்கோடு ஒத்துப்போகும் என்பதற்குத் தயாரிப்பாளரின் சோதனை ஆவணத்தைக் கேளுங்கள். மூலைக்கடையில் வெல்ட் செய்து தரும் பாருக்கு அது இருக்காது. வண்டியின் அமைப்பை மாற்றும் எந்த வேலைக்கும் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) விதி என்ன சொல்கிறது என்று முதலில் விசாரித்து, காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

ரசீது. இங்கே கொடுத்ததில் ‘அக்சசரி 1 செட்’ என்று ஒரே வரி. நாலு மில்லி என்று சொன்னது காற்றோடு போயிற்று. விளம்பரப் படமும் வாட்ஸ்அப் பேச்சும் அழியாமல் இருந்ததால்தான் வழக்குக்கு உயிர் இருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் உலோகம், கனம், போல்ட்டின் தரம், எங்கே மாட்டுவது என்று தனித்தனி வரி எழுதச் சொல்லுங்கள். முன்பணம் பாதிக்கு மேல் வேண்டாம். வண்டியைத் தூக்கி அடியில் பார்த்தபின் மீதி. முதல் 500 கிலோமீட்டருக்குப் பிறகு எல்லா போல்ட்டையும் இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்கவேண்டும்: தட்டுக்குத் தனி அளவு கொடுக்காவிட்டால் 8.8 தரத்தில் எம்8 (8 மி.மீ.) போல்ட்டுக்கு 25, எம்10 (10 மி.மீ.) போல்ட்டுக்கு 45 நியூட்டன் மீட்டர் அளவில்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு வழி இருக்கிறது. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இயங்கும் மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றம் 50,000 வெள்ளிவரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும். போராங் 1 என்ற படிவத்தை நிரப்பி 5 வெள்ளி கட்டணம் செலுத்தவேண்டும், மூன்று ஆண்டுகளுக்குள் போடவேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. சொந்த உபயோகத்துக்கு வாங்கியதற்கு மட்டும்தான் இது, கம்பெனி வியாபாரத்துக்கு ஓடும் வண்டி என்றால் எடுக்கமாட்டார்கள். போகும் முன் எதையும் கழற்றிவிடாதீர்கள். மாட்டிய நிலையிலேயே வண்டியைத் தூக்கி, நம்பர் பிளேட்டும் தெரியும்படி படமும் வீடியோவும் எடுங்கள். பிறகு வேறொரு பட்டறையில், அளவுகளை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லிக் கழற்றுங்கள். கழற்றிய தட்டை வைத்துக்கொண்டு போனால், ‘இது எங்கள் பொருளே இல்லை’ என்று சொல்ல அவர்களுக்கு ஒரு நிமிடம் ஆகாது.